"சார், வண்டி ஓட மாட்டுக்கு!": பள்ளி ரோபோ வகுப்பில் பிழை தேடும் வழி

பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சனிக்கிழமை தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ பாடம் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. ரோபோவைப் பாகம் பாகமாகப் பூட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். பூட்டிய ரோபோ ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் மிச்ச நேரமெல்லாம் போகும். பாடம் நடப்பதே அந்த மிச்ச நேரத்தில்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் வண்டி எல்லா இடத்திலும் இருக்கும் அதே வண்டிதான். வண்டியின் மூளையாக ஆர்டுயினோ ஊனோ போர்டு (பெரும்பாலும் மலிவு நகல்), அது சொன்னபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகை, பிஓ என்று கடையில் கேட்டால் கிடைக்கும் மஞ்சள் நிற மோட்டார் இரண்டு, முன்னால் ஒரு உருளைச் சக்கரம், தரையில் ஒட்டிய கறுப்பு டேப் கோட்டைப் பார்க்க இரண்டு ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார், தடை பார்க்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், 18650 என்ற லித்தியம் பேட்டரி இரண்டு. கீழே உள்ள தலைப்புகள் பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்லும் வார்த்தைகளே. அவர்கள் சொல்வதை வைத்துத்தான் தேட ஆரம்பிக்க வேண்டும், அதனால் அப்படியே வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு வரிசை. முதலில் மின்சாரம், அப்புறம் ஒயர், அப்புறம் சென்சார், புரோகிராம் கடைசி. லேப்டாப் கண்ணுக்கு முன்னால் திறந்திருப்பதால் பிள்ளைகள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு பள்ளியில் தலைமையாசிரியை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் புரோகிராமை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பேட்டரி சுவிட்ச் அணைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் ஏழாம் வகுப்புப் பெண்.

இன்னொன்று, சொல்லில் வரும் குழப்பம். ஆங்கிலக் 'கோடு', தரையில் ஒட்டிய 'கோடு' இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் வகுப்பு குழம்பிவிடும். "கோடு சரியில்ல சார்" என்று ஒருவன் சொன்னால் டேப்பைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா? எங்கள் வகுப்பில் தரையில் இருப்பது கோடு, கணினியில் இருப்பது புரோகிராம்.

"அனக்கமே இல்ல சார்"

விளக்கும் எரியவில்லை, சக்கரமும் அசையவில்லை. மல்டிமீட்டரை எடுங்கள். மஞ்சள் நிற மலிவு மீட்டரே போதும், 20 வோல்ட் டிசியில் வையுங்கள்.

பாளையங்கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலில் நின்று மண்ணைத் தோண்டுவதில்லை. மதகு மதகாக மேலே போய்ப் பார்ப்பார். எந்த மதகுவரை தண்ணீர் நிற்கிறதோ, அடைப்பு அதற்கு அடுத்த துண்டில். வண்டியிலும் அதே வேலைதான். பேட்டரிப் பெட்டியின் இரு முனையில் எவ்வளவு? சுவிட்சுக்குப் பிறகு எவ்வளவு? டிரைவரில் ஒயர் மாட்டும் திருகில் எவ்வளவு? ஊனோவின் 5 வோல்ட் பின்னில் (ஒயர் செருகும் துளையில்) எவ்வளவு? நான்கு எண்களையும் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். எந்த இடத்தில் எண் காணாமல் போகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பிழை.

முழு சார்ஜில் இரண்டு செல்லும் சேர்ந்து 8.4 வோல்ட் காட்டும், சாதாரணமாக 7.4. இரண்டும் சேர்ந்து 6.4-க்குக் கீழே வந்துவிட்டால் ஓட்டாதீர்கள், சார்ஜில் போடுங்கள். ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கெட்டுப்போகும் வழி.

பெட்டியில் வோல்ட் இருக்கிறது, டிரைவரில் இல்லை என்றால் பெரும்பாலும் திருகுதான். ஒயரின் பிளாஸ்டிக் தோலின் மேலேயே திருகை இறுக்கியிருப்பார்கள், செம்பு தொட்டிருக்காது. உவரி மாதிரிக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். உப்புக் காற்றில் துருவோ பச்சைக் களிம்போ ஏறியிருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போதும்.

பிரெட்போர்டு (ஒயர் செருகும் துளைப் பலகை) வைத்திருந்தால் இன்னொரு பொறி உண்டு. நீள போர்டுகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீல வரிசைகள் நடுவில் துண்டாகியிருக்கும். பாதி போர்டில் மின்சாரம் இருக்கும், மறுபாதியில் இருக்காது. அச்சடித்த கோடும் அதே இடத்தில் விட்டுப்போயிருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். ஒரு சின்ன ஒயரால் இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

"புரோகிராம் ஏற மாட்டுக்கு"

முதலில் கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் சிலவற்றில் மின்சார ஒயர் இரண்டு மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், அதனால் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. கணினியில் காம் போர்ட்டே (போர்டு இணைந்திருப்பதைக் காட்டும் பெயர்) தோன்றவில்லை என்றால் இதுதான். கேபிளை மாற்றியும் தோன்றவில்லை என்றால் நகல் போர்டுகளில் இருக்கும் சிஎச்340 சிப்புக்கான டிரைவர் மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். பள்ளி லேப் கணினியில் அதற்குப் பாஸ்வேர்டு கேட்கும், அது தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார். வெள்ளிக்கிழமையே போட்டு வையுங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்தில் வருகிறதா? பின் 0, 1 இரண்டிலும் ஏதாவது ஒயர் செருகியிருக்கிறதா பாருங்கள். கணினியும் ஊனோவும் பேசிக்கொள்வது அந்த இரண்டு பின் வழியாகத்தான். புளூடூத் மாட்யூலை அங்கே மாட்டிவிட்டு ஏற்றினால் ஏறாது. கழற்றி, ஏற்றி, மறுபடி மாட்டுங்கள். ஊனோவுக்குப் பதில் நகல் நேனோ வைத்திருந்தால் மெனுவில் புராசசர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' தேர்ந்தெடுத்தும் பாருங்கள்.

"பாடுது, ஆனா நகரல"

மோட்டார் 'ங்ங்ங்' என்று ஒரே சுருதியில் கூவும், சக்கரம் சுற்றாது. புரோகிராமில் வேகத்தைச் சொல்லும் அனலாக்ரைட் கட்டளையில் கொடுத்த எண் போதவில்லை, முழு வேகம் 255. 255-க்கு 60, 70 என்று கொடுத்தால் இந்த மோட்டாரின் பல்சக்கரங்கள் அசையாது, 150-இல் ஆரம்பியுங்கள். அந்தச் சத்தம் வருவது ஊனோ மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பதால். பெரும்பாலான வேகக் கட்டுப்பாட்டுப் பின்களில் நொடிக்கு சுமார் 490 முறை, பின் 5, 6-இல் மட்டும் 980 முறை. நெல்லையப்பர் கோவில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்த பிள்ளைகளிடம் இரண்டு பின்னிலும் மாற்றி மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள். சுருதி ஏறுவதைக் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். அதிர்வெண் பாடம் இலவசமாக முடிந்துவிடும்.

வேகம் 255 கொடுத்தும் கூவல்தான் என்றால் மறுபடி மதகுக்கு வாருங்கள். எல்298என் தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 7.4 வோல்ட் உள்ளே போனால் மோட்டாருக்குக் கிடைப்பது ஐந்தரை, அது போதும். நான்கு ரீசார்ஜ் பென்சில் பேட்டரி போட்டால் 4.8, அதில் 2 போனால் மிச்சம் என்ன? வண்டி தள்ளாடும்.

சதுர 9 வோல்ட் பேட்டரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் "ஒன்பது வோல்ட்டு, நல்ல பவர்" என்று கொடுப்பார். மீட்டரிலும் 9 காட்டும். மோட்டார் இழுத்த உடனே படுத்துவிடும், ஏனென்றால் அதற்கு உள்தடை அதிகம். உயரத் தொட்டிதான், ஆனால் குழாய் ஊசித் துவாரம். மோட்டார் வண்டிக்கு அதை வாங்காதீர்கள்.

எல்லாம் சரி, ஒரு சக்கரம் மட்டும் இறுகிக் கிடக்கிறது என்றால் அச்சைப் பாருங்கள். முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவனின் வண்டியில் அச்சைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு நூல். வீட்டில் அம்மா பீடி சுற்றும் திண்ணையில் ஓட்டியிருக்கிறான்.

"கெளம்பும்போதே செத்துச் செத்துப் பொழைக்கு"

ஊனோவில் எல் என்று எழுதிய சிறு விளக்கைப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அது படபடவென்று மினுக்கினால் போர்டு மறுபடி மறுபடி முதலிலிருந்து துவங்குகிறது. மோட்டார் கிளம்பும் கணத்திலும், முன்னே போனது சட்டென்று பின்னே திரும்பும்போதும் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்ட் சரியும், ஊனோ மயங்கி எழும்.

சோதிக்க எளிய வழி: வண்டியைத் தூக்கிச் சக்கரம் காற்றில் சுற்றும்படி பிடியுங்கள். காற்றில் ஒழுங்காக ஓடி, தரையில் வைத்ததும் மயங்கினால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். டிரைவரின் மின்சார நுழைவில் 470 அல்லது 1000 மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஒன்று வையுங்கள், கூட்டல் கழித்தல் முனை மாறாமல். மோட்டார் முனைகளுக்கு நடுவில் 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் ஒன்றைப் பற்றவைத்தால் மோட்டாரின் இரைச்சலும் அடங்கும். புரோகிராமில், திசை மாற்றும் முன் கால் நொடி நிற்கச் சொல்லுங்கள்.

ஊனோவுக்குத் தனி பேட்டரி, மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்திருந்தால் வேறு ஒரு கூத்து நடக்கும். மோட்டார் கேட்கவே கேட்காது, அல்லது பேய் பிடித்த மாதிரி நடக்கும். இரண்டின் கிரவுண்டையும் (கழித்தல் முனையையும்) ஒரு ஒயரால் சேர்த்தீர்களா?

"சுத்திக்கிட்டே இருக்கு"

எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். இரண்டு விதம் உண்டு. நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றினால் இரண்டு சக்கரமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டு மோட்டாரும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி மாட்டப்படுவதால், ஒரே நிற ஒயரை ஒரே வரிசையில் செருகினால் இப்படித்தான் ஆகும். ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள், முடிந்தது.

ஒரு சக்கரத்தை ஊன்றிக்கொண்டு கவராயம் மாதிரி வட்டம் போட்டால் அந்தச் சக்கரம் செத்திருக்கிறது. ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி முனையில் தேரைத் திருப்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அங்கே வேண்டுமென்று செய்வது இங்கே வேண்டாமலே நடக்கிறது. பிழை மோட்டாரிலா, டிரைவரிலா? மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடது மோட்டார் ஒயரை வலது வாயிலும், வலதை இடதிலும் செருகுங்கள். செத்த சக்கரம் இன்னும் அதே மோட்டார்தான் என்றால் மோட்டார் கெட்டிருக்கிறது, அல்லது அதன் பின்னால் பற்றவைத்த ஒயர் விட்டிருக்கிறது. பிழை மற்ற மோட்டாருக்குத் தாவினால் டிரைவர் பக்கம். திசை சொல்லும் ஐஎன் ஒயர்கள் கழன்றிருக்கலாம், வேகம் சொல்லும் இஎன்ஏ, இஎன்பி என்ற இடத்தில் இருக்கும் ஒயரோ சின்னக் கறுப்புத் தொப்பியோ கழன்றிருக்கலாம். இந்த ஒரு தந்திரத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் வீட்டில் மிக்சி ஓடாவிட்டாலும் முதலில் வேறு பிளக்கில் செருகிப் பார்ப்பார்கள்.

"ஒரு பக்கமா இழுக்கு"

இழுக்கத்தான் செய்யும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. முன் உருளை தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, வேகமான பக்கத்தின் எண்ணை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். ஒரு பக்கம் 200, மறுபக்கம் 185 என்ற மாதிரி எங்காவது வந்து நிற்கும். பேட்டரி இறங்கினால் அந்த எண்ணும் கொஞ்சம் மாறும்.

"கோட்ட விட்டு ஓடிருது"

நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதனுடன்தான். ஐஆர் சென்சார் தரைக்கு அகச்சிவப்பு ஒளி அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். நம் கண்ணுக்குக் கறுப்பாக இருப்பதெல்லாம் அதன் கண்ணுக்குக் கறுப்பு இல்லை என்பதை வகுப்பில்தான் கற்றேன்.

ஒரு தடவை டேப் தீர்ந்துபோனதால் பிள்ளைகள் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சார்ட்டில் தடிமனாகக் கோடு வரைந்தார்கள். வண்டி கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. சென்சாரைத் திருகினோம், தாழ்த்தினோம், ஒன்றும் ஆகவில்லை. சாயத்தால் செய்த கறுப்பு மை பலவும் அகச்சிவப்பை விழுங்குவதில்லை, உள்ளே விட்டுவிடும். அடியில் இருக்கும் வெள்ளைத் தாள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். சென்சாருக்கு அங்கே கோடே இல்லை. கரி கலந்த கறுப்புதான் விழுங்கும். விளக்குக் கரியில் செய்த கண்மை, பென்சில் கரி, லேசர் பிரிண்டரின் தூள். சந்தேகம் இருந்தால் இதையே ஒரு சோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனா, கண்மை, பென்சில், எலக்ட்ரிக்கல் டேப் நான்கையும் கட்டம் கட்டமாகப் போட்டு, சென்சாரை மேலே நகர்த்தி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று பட்டியல் போடட்டும். என் வகுப்பிலேயே பிள்ளைகள் அதிகம் ஆச்சரியப்பட்ட சோதனை இதுதான். கறுப்புப் பள்ளி டிரவுசர் வெள்ளையாகத் தெரிந்தபோது ஒரு பயல் எழுந்து நின்று குனிந்து பார்த்தான்.

அடுத்தது தரை. கறுப்புக் கடப்பாக்கல் தரையில் கறுப்பு டேப் ஒட்டினால் என்ன தெரியும்? பழைய ஃபிளக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம்தான் எங்கள் ஓடுதளம். நம்மூரில் பழைய பேனருக்குப் பஞ்சமே கிடையாது. பின்பக்கம் பளபளப்பில்லாத வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் சாம்பல் நிறமாக இருக்கும்.

அப்புறம் வெயில். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் ஓரம் போனதும் பித்துப் பிடித்து ஓடும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, நிறையவே. சென்சாருக்கு எங்கும் வெள்ளை. மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது சென்சாரைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் குல்லாய் மாதிரி ஒரு மறைப்பு கட்டுங்கள்.

உயரமும் முக்கியம். டிசிஆர்டி5000 என்ற ஐஆர் சென்சார் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நன்றாகப் பார்க்கும், ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் குருடு. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, போனின் செல்ஃபி கேமராவை அதற்கு நேரே காட்டுங்கள். பல போன்களில் ஊதா நிறமாக ஒளிர்வது திரையில் தெரியும். பின் கேமராவில் தெரியாமல் போகலாம், அதில் வடிகட்டி இருக்கும்.

இத்தனையும் சரி, இன்னும் கோட்டுக்கு எதிர்ப் பக்கமே திரும்புகிறது என்றால் இப்போதுதான் புரோகிராம். சென்சார் மாட்யூலில் சிலது வெள்ளையைக் கண்டால் 0 தரும், சிலது 1 தரும். யூகிக்க வேண்டாம். ஊனோ அனுப்பும் எண்ணைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வெள்ளையில் ஒரு தடவை, கறுப்பில் ஒரு தடவை வைத்து எண்ணைப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் குப்பை எழுத்து வந்தால் மானிட்டரின் வேகமும் புரோகிராமில் எழுதிய வேகமும் ஒன்றா என்று சரிபாருங்கள், 9600 என்றால் இரண்டிலும் 9600. எண் சரியாக மாறியும் வளைவில் மட்டும் கோட்டை விட்டால், புரோகிராமில் எங்காவது டிலே 500 என்று இருக்கும். அந்த அரை நொடி வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல நிக்கி"

அல்ட்ராசோனிக் சென்சார். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். விளையாட்டு மைதானத்தில் விட்டால் எதிரொலியே வராது. புரோகிராமில் காத்திருக்கும் நேரத்தை 20 மில்லிசெகண்ட் என்று சுருக்கியிருந்தால், வராத எதிரொலிக்கு 0 என்று பதில் வரும். '20 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நில்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 0 என்பது 20-க்குக் குறைவு. வண்டி சொன்னபடி கேட்டு நிற்கிறது. '0-ஐ விட அதிகம், 20-ஐ விடக் குறைவு' என்று மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறாக முட்டினால், எதிரில் இருப்பது என்ன என்று பாருங்கள். திரைச்சீலை, மெத்தை மாதிரி மெத்தென்றவை ஒலியை விழுங்கும். சாய்வான பலகை வேறு பக்கம் தள்ளிவிடும். சுவருக்கு நேராகப் போனால் நின்று, சாய்வாகப் போனால் முட்டுவது இதனால்தான்.

கத்திரி வெயிலில் நடக்கும் கோடை முகாமில் ஒரு நுட்பம் காட்டலாம். பலரும் புரோகிராமில் எழுதும் ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர், அது 20 டிகிரிக்கானது. நம்மூர் 38 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 354 மீட்டர் போகும். ஸ்கேலால் ஒரு மீட்டர் அளந்து வைத்தால் சென்சார் 97 என்று சொல்லும். மூன்று சென்டிமீட்டர் எங்கே போச்சு என்று தேட விடுங்கள்.

"சர்வோ வச்சதுக்கப்புறம் சக்கரம் சொல்பேச்சு கேக்கல"

சிலர் வண்டியில் சர்வோவும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) வைப்பார்கள். அதற்கான சர்வோ நூலகத்தைப் புரோகிராமில் சேர்த்தால் ஊனோவில் பின் 9, 10 இரண்டிலும் அனலாக்ரைட் வேலை செய்யாது. டிரைவரின் இஎன்ஏ, இஎன்பி அங்கே இருந்தால் 5, 6-க்கு மாற்றுங்கள். பஸ்ஸரில் ஒலி எழுப்ப டோன் கட்டளை எழுதினால் பின் 3, 11-இல் இதே கதை.

"சூடாவுது", "கருகுன வாசம் வருது"

சுவிட்சை அணையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு பேசலாம். லித்தியம் செல்லின் இரு முனையும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஒயர் சிவக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். தனி செல்லை யாரும் பாக்கெட்டில், சாவியோடு, சில்லறையோடு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. இதில் மட்டும் நான் கொஞ்சம் கோபக்காரன்.

"பள்ளிக்கூடத்துல ஓடுச்சு, போட்டியில ஓடல"

போட்டி அன்று காலையில் பேட்டரியை முழுக்க ஏற்றியிருப்பார்கள். பழகியதெல்லாம் 7.4-இல், இன்று 8.4. வண்டி வேகமாகப் போய் வளைவைத் தாண்டிவிடும். வேறு அரங்கம், வேறு விளக்கு, வேறு டேப், வேறு தரை. சென்சாரின் சின்னத் திருகு பழைய வெளிச்சத்துக்குத் திருகியது.

பத்தமடைப் பிள்ளை ஒருத்தி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். ஒன்றரை அடி ஃபிளக்ஸ் துண்டில் கோடு ஒட்டி, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டு வருவாள். அரங்கத்தில் நுழைந்ததும் அதை விரித்து வண்டியை வைப்பாள். அதில் ஓடினால் வண்டி சரி, திருக வேண்டியது அந்த ஊர்க் கோட்டுக்கு மட்டும். அதிலும் ஓடவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மீட்டரை எடுப்பாள்.